இரண்டாவது அழுத்தல்

அந்த மருந்துக்கு என்னைவிட வயது அதிகம். மூச்சிரைப்புக்காரர்களுக்கு அதை விட்டால் கதி இல்லை என்பதால் கம்பெனி பிடியை விடவேயில்லை. மருந்தின் காப்புரிமை முடிந்ததும் இன்ஹேலர் குழாய்க்கு வாங்கினார்கள். பிறகு மூடிக்கு. அதற்குப் பிறகு, இன்னும் எத்தனை மீதி என்று எண் காட்டும் குட்டிச் சக்கரத்துக்கு. விட்டிருந்தால் அட்டைப்பெட்டிக்கும் வாங்கியிருப்பார்கள்.

நேற்றோடு சக்கரத்துக்கும் முடிந்தது. இன்று காலை மருந்துக்கடையைத் திறந்த கையோடு, வேறு கம்பெனியின் இன்ஹேலரை முன்வரிசையில் அடுக்கினேன். பழையதில் கால்வாசி விலைதான்.

பழைய கம்பெனியின் பிரதிநிதி பதினோரு மணிக்கு வந்தார். என் சுவர்க்கடிகாரமே அவர் கொடுத்ததுதான். புதியதை உள்ளே தள்ளி வைக்கச் சொன்னார். கை பழகாத சாமான், ஜனங்களுக்குச் சரியாக அழுத்தத் தெரியாது, பாவம் என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். கேட்கவில்லையென்றால் மற்ற மருந்துகள் வரத் தாமதமாகலாம் என்றும் சிரித்தபடியே சொன்னார்.

"வராட்டி போகட்டும் சார்" என்றேன். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தங்கை இரைத்துக்கொண்டே வந்தாள். எதிர்ச் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள், நாளெல்லாம் ஆவி. சும்மா கொடுத்தால் வாங்கமாட்டாள், அவ்வளவு ரோஷம். புதிய பெட்டி ஒன்றைப் பிரித்தேன். விலையைப் பார்த்துவிட்டுத்தான் கையில் வாங்கினாள்.

ஒரு முறை அழுத்தி இழுத்தாள். உடனே மூடியைப் போட்டாள்.

"டாக்டர் எத்தனை சொன்னாரு?"

"ரெண்டு."

"நீ?"

அவள் சக்கரத்தைப் பார்த்தாள். "ஒண்ணுதான்க்கா. நம்பர் குறையக் குறைய பயமா இருக்கும்."

எத்தனை வருஷமாக இப்படியோ. ஒரு மாதத்து மருந்து அவளுக்கு மட்டும் ஏன் இரண்டு மாதம் வந்தது என்று மருந்து விற்கிற நான் ஒருநாளாவது யோசித்தேனா? வெட்கமாக இருந்தது.

இரண்டாவதையும் இழுக்கச் சொன்னேன். அதற்கு ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும். அவர் கொடுத்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு மூவரும் நின்றோம். அவர் பையைத் தூக்கினார். "இருங்க சார், ஜனங்களுக்கு அழுத்தத் தெரியாதுன்னீங்களே, பாத்துட்டுப் போங்க" என்றேன். நின்றார்.

முள் சுற்றி வந்தது. தங்கை மீண்டும் அழுத்தி, ஆழமாக இழுத்து, பத்து எண்ணி மூச்சை விட்டாள். இரைச்சல் மெல்ல அடங்கியது. இன்ஹேலரை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அழுத்தத் தெரியும் சார். நீங்கதான் விடல."