நூலின் மறுமுனை

லொறியின் முன்சக்கரங்களைத் திருப்பும் டை ரொட்டின் தேய்ந்த முனையைக் கழற்றும்போது, எத்தனை சுற்று என்று எண்ண மறந்துவிட்டான் இக்னேசியஸ். புதியதைக் குத்துமதிப்பாகச் சுற்றி ஜாக்கியை இறக்கினால், ஒரு சக்கரம் மாதா கோயிலையும் மற்றது தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தையும் பார்த்துக்கொண்டு நின்றது.

"ஒருத்தன் பூசைக்கு, ஒருத்தன் வேலைக்கா?" என்று சக்கரங்களிடமே கேட்டான்.

துணிமணிகளை எடுத்துப்போக நானுஓயாவிலிருந்து வந்திருந்த மனைவி றொசானா தோட்டத்து லய வீட்டு வாசலில் நின்றாள். போன மாதம் அவளும் ஏறிப்போன லொறி, ஸ்டியரிங் ஆடி ரோட்டோரக் கானுக்குள் இறங்கியதில் அவள் வயிற்றுப் பிள்ளை போய்விட்டது. அதற்கு முன் ஸ்டியரிங் ஆடுகிறது என்று அவள் சொன்னபோதெல்லாம், "பாட்டுக்கு ஆடுது புள்ள" என்று சிரித்தவன் அவன்தான். அன்றிலிருந்து அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள்.

பின்சக்கரத்திலிருந்து நூல் பிடித்துத்தான் முன்சக்கரத்தை நேராக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். கேட்காமலே வந்து மறுமுனையைப் பிடித்தாள். நூல் டயரோடு ஒட்டும்வரை அவன் திருகி, நட்டை இறுக்கினான்.

"இனி கொஞ்சமும் ஆடாது. அண்ணன் ஊட்டுல நல்ல சோறு கெடைக்கும். கருகின சோறு வேணும்னா நம்ம ஊட்டுக்குத்தான் வரணும்."

"வெளையாட்ட விடுங்க."

"சரி, விட்டுட்டேன். திரும்ப வருவியா றொசா?"

வந்ததிலிருந்து முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வரமாட்டேங்க. ஒங்க மேல கோவமில்ல. ஒங்க சிரிப்பக் கேட்டாலே புள்ள ஞாபகந்தான் வருது. என்னால முடியலைங்க."