தட்டிப் பார்த்து வாங்கிய பெட்டி

கம்ப்யூட்டருக்கு எல்லாம் இருந்தது, உடம்பு மட்டும் இல்லை.

மதர்போர்டு, தான் வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே மல்லாந்து கிடந்தது. பவர் சப்ளை அதன் பக்கத்தில். ஹார்ட் டிஸ்க் ஒரு சோப்பு டப்பா மூடியில். ஆன் செய்வதற்குப் பட்டன் கிடையாது. போர்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் சேர்த்துத் தொட வேண்டும். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் தொடுவாள்.

"பெத்துப் போட்ட மாதிரியே கிடக்கு. ஒரு துணியாவது போர்த்தக் கூடாதா?" என்றார் மாமியார்.

"போர்த்தினா சூடாயிடும் அத்தை."

"அப்ப சளி பிடிக்காது, விடு."

சேர்த்துக் கொடுத்தவன் அவளுடைய தம்பி. பாதிப் பாகங்கள் அவன் கழற்றிப் போட்டவை, மீதி அவன் நண்பர்கள் கழற்றிப் போட்டவை. அவள் கணவன் அவனை விஞ்ஞானி என்று கூப்பிடுவான். அதில் பாராட்டு எதுவும் இல்லை.

கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் கொஞ்ச காலம் அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாள். எந்த வண்டி எந்த நடைமேடை என்று சொல்வது வேலை. அங்கே இயந்திரம் வந்தது, அவள் வீட்டுக்கு வந்தாள். பிறகு குட்டி பிறந்தாள். இப்போது ஒலிநூல் போடும் பதிப்பகம் ஒன்று அவள் குரலுக்கு ஒரு மாதிரிப் பதிவு கேட்டிருந்தது. எதிரொலி அடங்கப் பின்னறைச் சுவரில் மெத்தையைச் சாய்த்து, அலமாரியைத் திறந்து, தொங்கும் துணிகளுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பக்கம் வாசித்து அனுப்பினாள். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. தடித்த துப்பறியும் நாவல் ஒன்றைக் கொடுத்தார்கள். சிறிய முன்பணமும் வந்தது.

கூடவே ஒரு விதியும் வந்தது. ஒவ்வொரு அத்தியாயத்துடனும், யாரும் பேசாத அறையைக் கொஞ்ச நேரம் பதிவு செய்து அனுப்ப வேண்டும். அறை சும்மா இருக்கும்போது எப்படி இருக்கிறது என்று ஒலிப்பதிவாளர் கேட்டுப் பார்ப்பார். வாசிப்பையும் கேட்பார். வேறு ஏதாவது சத்தம் காதில் விழுந்தால் அத்தியாயம் திரும்பி வரும். இரண்டு முறை திரும்பினால் புத்தகம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

மாதிரி தேறியதற்குக் குரல் மட்டும் காரணம் இல்லை, அம்மணமாகக் கிடந்த கம்ப்யூட்டர் மூச்சுக்கூட விடவில்லை என்பதும் ஒரு காரணம். அது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு நாள் குட்டி, கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்த விசிறிக்குள் கரண்டியை விட்டாள். கரண்டி தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போனது. குட்டி சிரித்தாள். டெலிவரி வேன் ஓட்டிவிட்டுச் சாயங்காலம் வந்த கணவன் விஷயத்தைக் கேட்டான். கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பொட்டிக்குள்ள போகணும். இல்ல, வீட்ட விட்டுப் போகணும்."

"யாரு?" என்றார் மாமியார்.

"கம்ப்யூட்டர்தாம்மா."

அந்த முன்பணத்தில் பெட்டி வாங்குவது என்று முடிவானது.

தம்பி சட்டத்தைச் சொன்னான். பெரிய டவர் மேஜைக்கு அடியில் நுழையாது. சின்னதில் இந்த போர்டு உட்காராது. நடுத்தரமான மிட் டவர்தான்.

"பக்கவாட்டுல கண்ணாடி, உள்ள லைட்டு. பச்சை, நீலம்னு மாறிக்கிட்டே இருக்கும் அக்கா."

"உள்ள மீன் விடப் போறியா, விஞ்ஞானி?" என்றான் கணவன்.

"மாமா, ஒரு அழகு வேணாமா?"

"மேஜைக்கு அடியில யாருக்குடா அழகு?"

அவளுக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. மைக்குக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு மேஜைப் பலகைதான் இருக்கப்போகிறது. கம்ப்யூட்டரை வெளியறையில் வைக்க முடியாது, அங்கே குட்டி இருக்கிறாள், அவள் கையில் கரண்டி இருக்கிறது. பெட்டி வாயைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான்.

கடை ஒரு மாடியில் இருந்தது. படிக்கட்டிலேயே அட்டைப்பெட்டிகள் தொடங்கிவிட்டன. உள்ளே நான்கைந்து பெட்டிகளை மட்டும் பிரித்து வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எல்லாம் காலி. கடைக்காரர் ஒரு காதில் போனை இடுக்கிக்கொண்டு, மற்ற காதை அவர்களுக்குக் கொடுத்தார்.

"பட்ஜெட் சொல்லுங்க."

தம்பி சொன்னான்.

"அப்ப இந்தக் கண்ணாடியெல்லாம் பாக்காதீங்க. இந்தப் பக்கம் வாங்க."

அந்தப் பக்கம் இரண்டு பெட்டிகள் நின்றன. ஒன்றின் முகம் முழுக்கக் கம்பிச் சல்லடை. மெல்லிய தகடு. விலை குறைவு, முன்னால் இரண்டு விசிறிகளும் கூடவே வரும். மற்றது கனமானது. முன்னால் கதவு போல ஒரு மூடி, ஓரங்களில் மட்டும் மெல்லிய பிளவுகள். பின்னால் ஒற்றை விசிறி. உட்புறம் பஞ்சுப் பலகை ஒட்டியிருந்தது. அவர்களிடம் இருந்ததைவிட விலை சற்றே கூட.

அவள் குனிந்து சல்லடைப் பெட்டியை விரல் முட்டியால் தட்டினாள். தகர டப்பா போலக் கணகணத்தது. கனமான பெட்டியைத் தட்டினாள். கட்டிலைத் தட்டியது போலிருந்தது. பக்கத் தகட்டில் காதை வைத்து இன்னொரு முறை தட்டினாள். சத்தம் உள்ளே போனது, திரும்பி வரவில்லை.

கடைக்காரர் போனைக் கீழே வைத்துவிட்டார்.

"மேடம், தட்டிப் பாத்து வாங்க இது என்ன தர்பூசணியா?"

"சத்தம் வருதான்னு பாக்கறேன்."

"காலிப் பொட்டியில என்ன சத்தம் வரும்?"

"அக்காவுக்குக் காது ரொம்ப கூர்மைண்ணே," என்றான் தம்பி. "ஹாரன் சத்தத்த வச்சே எந்த பஸ்ஸுன்னு சொல்லுவா."

"இது பஸ் இல்லயே தம்பி. பழைய கிராபிக்ஸ் கார்டு ஏதாச்சும் உள்ள வைக்கறீங்களா? அப்படின்னா காத்து நல்லா போறத வாங்குங்க. அவ்வளவுதான் நான் சொல்லுவேன்."

தம்பி சல்லடையைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அவள் இன்னும் கனமான பெட்டியின் மேல் கை வைத்திருந்தாள். விற்பவர் விலை குறைந்ததைச் சிபாரிசு செய்கிறார் என்றால் அது விற்காத சரக்காகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்தாள். கொஞ்சம் பேரம் பேசினாள். கனமான பெட்டியை இருவருமாகப் படியில் இறக்கினார்கள்.

வீட்டில் எல்லாரும் பாராட்டினார்கள். மாமியார் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். கணவன் தூக்கிப் பார்த்துவிட்டு, "கொடுத்த காசுக்கு கனம் இருக்கு" என்றான். தம்பி பாகங்களை ஒவ்வொன்றாக உள்ளே பொருத்தினான். முதல்முறையாக அவள் கண்ணைத் திறந்துகொண்டு பட்டனை அழுத்தினாள். எதுவும் கேட்கவில்லை. ஓடுகிறதா என்று சந்தேகப்பட்டுக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

மறுநாள் மதியம் குட்டி தூங்கியதும் அறையின் அமைதியைப் பதிவு செய்தாள். பிறகு முதல் அத்தியாயம். ஒரு மருத்துவர், ஒரு பூட்டிய வீடு, கிணற்றில் ஒரு பிணம். கதவுக்கு வெளியே மாமியார் குட்டியின் தூளியை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் வெளியே வந்ததும் கேட்டார்.

"அந்த டாக்டர்தானே கொன்னது?"

"முதல் அத்தியாயம்தான் அத்தை ஆகியிருக்கு."

"அவன் பேச்சே சரியில்ல."

அத்தியாயம் திரும்பி வந்தது. ஒலிப்பதிவாளர் சுருக்கமாக எழுதியிருந்தார்: 'அறையின் அமைதி நன்று. வாசிப்பு போகப் போகக் காற்று வீசுகிறது. ஜன்னலை மூடிவிட்டு மீண்டும் வாசிக்கவும்.'

ஜன்னலை அவள் மூடித்தான் வைத்திருந்தாள். இடுக்கில் துண்டு வேறு செருகியிருந்தாள்.

தம்பி வந்தான். இருவரும் பதிவைப் போட்டுக் கேட்டார்கள். அவள் தன் குரலை மறந்து, குரலுக்குப் பின்னால் கேட்டாள். முதலில் ஒன்றும் இல்லை. பூட்டிய வீட்டுக்கு வரும்போது லேசாக ஒரு இரைச்சல். கிணற்றை எட்டிப் பார்க்கும் இடத்தில் அது நன்றாகவே வீசியது.

"பொணம் கிடைக்கிற எடத்துல காத்து வீசுறது நல்லாத்தானே இருக்கு?" என்றான் தம்பி.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் சிரிப்பை நிறுத்தினான்.

"இன்னொரு தடவை திரும்பி வந்தா புக்கு கிடையாதுடா."

"தெரியும்கா."

கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தார்கள். மாமியார் கதவோரம் வந்து, என்ன என்று சைகையில் கேட்டார். அவள் கையமர்த்தினாள். நேரம் போனது. மேஜைக்கு அடியிலிருந்து முதலில் ஒரு மூச்சு, பிறகு ஒரு பெருமூச்சு, பிறகு நிற்காத இரைச்சல். பேசிக்கொண்டே இருப்பவளுக்கு அது கேட்டிருக்காது. அவள் தரையில் உட்கார்ந்து முன்கதவைத் திறந்தாள். இரைச்சல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு இறங்கியது. மூடினாள், ஏறியது. மறுபடி திறந்தாள்.

"காத்து இல்ல," என்றாள். "உள்ள வெந்துக்கிட்டு இருக்கு. அதான் விசிறி கத்துது."

தம்பி தகட்டில் கை வைத்துப் பார்த்தான். பழைய கார்டு, சும்மா இருந்தாலே சூடாகும். வெளியே கிடந்தபோது அறை முழுக்க அதற்குக் காற்று இருந்தது.

"அந்தப் பஞ்சு சத்தத்த வெளிய விடாதுன்னு நெனச்சோம். சூட்டையும் விடல."

"நெனச்சோம் இல்ல. நான் நெனச்சேன்."

"சரி, நீதான் நெனச்ச."

"நீ ஏன்டா சொல்லல? உனக்குத் தெரியும்ல?"

தம்பி ஸ்க்ரூடிரைவரை உருட்டினான். "பஸ் ஸ்டாண்டுல நீ மைக்ல பேசினா எல்லாரும் சொன்ன எடத்துக்குத்தான் ஓடுவாங்க. எனக்கும் அதே பழக்கம்."

கதவைத் திறந்தே வைத்து வாசித்தால் என்ன என்று கணவன் கேட்டான். திறந்த கதவுக்குப் பின்னால் விசிறி பொருத்தும் இடம் ஓட்டையாக இருந்தது. குட்டி அதற்குள் ஏற்கனவே ஒரு பென்சிலைப் போட்டிருந்தாள்.

கடைக்காரர் அவர்களைப் பார்த்ததும் போனை வைத்தார். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். உள்ளே விரலை விட்டுப் பென்சிலை எடுத்து மேஜையில் வைத்தார்.

"பிரிச்ச பொட்டிய எடுக்க மாட்டேன் மேடம். கடை விதி."

"பணம் வேணாம். அந்தச் சல்லடையக் குடுங்க."

"விலை குறைஞ்சது ஆச்சே. மீதிய கேப்பீங்க."

"கேக்க மாட்டேன்."

அவர் கொஞ்சம் யோசிப்பது போலச் செய்தார். பிறகு புதுச் சல்லடைப் பெட்டியை இறக்கினார். அவள் குனிந்தாள், கை தானாக நீண்டது. பாதியில் நிறுத்தினாள்.

"தட்டுங்க மேடம், தட்டுங்க. பழுத்திருக்கான்னு பாத்துக்குங்க."

அவள் தட்டவில்லை. படியில் இறங்கும்போது தம்பி மட்டும் ஒரு தட்டு தட்டினான். அதே கணகணப்பு. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"சல்லடையக் காசு குடுத்தா வாங்கினீங்க?" என்றார் மாமியார். தன் சுண்டு விரலைத் துளைகளில் நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. குட்டியின் விரலையும் பிடித்து வைத்துப் பார்த்தார். அதுவும் நுழையவில்லை. திருப்தியாகக் குட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

சூடு அடங்கிவிட்டது. ஆனால் மெல்லிய தகடு ஹார்ட் டிஸ்க்கோடு சேர்ந்து முனகியது, வண்டு போல. அவள் மேஜைக்கு அடியில் படுத்து அது எங்கே என்று தேடினாள். ஒரு மூலையை விரலால் அழுத்தியதும் முனகல் நின்றது. விரலை எடுத்ததும் வந்தது.

"காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் விரல வச்சுக்கிட்டே வாசிப்பியா?" என்றான் கணவன்.

வெளியே போய் வேனிலிருந்து ஒரு நீளமான ரப்பரைக் கொண்டுவந்தான். வேன் கதவு தடதடக்காமல் இருக்க ஒட்டுவது. துண்டு துண்டாக வெட்டி, தகடு உட்காரும் விளிம்பெல்லாம் ஒட்டினான். தம்பி பக்கத்தில் நின்று பார்த்தான்.

"மாமா, நீங்களும் விஞ்ஞானி ஆயிட்டீங்க."

"வாய மூடிட்டு அந்த ஸ்க்ரூவ எடு."

இந்த முறை அவள் அமைதியை முதலில் பதிவு செய்யவில்லை. கம்ப்யூட்டரைக் காலையிலிருந்தே ஓட விட்டாள். மதியம் முதல் அத்தியாயத்தை முழுவதும் வாசித்தாள். மருத்துவர், பூட்டிய வீடு, கிணறு. வாசித்து முடித்து, பதிவை நிறுத்தாமல், வாயை மூடி உட்கார்ந்தாள். சூடு ஏற வேண்டுமென்றால் ஏறியிருக்க வேண்டிய நேரம் அது. வெளியே தூளிக்கயிறு நின்றது. மாமியார் ஒரு கையால் கயிற்றையும் மறு கையால் தன் வாயையும் பிடித்திருந்தார், இருமல் வருவது போலிருந்ததாம். வேலை இல்லாத நாள் என்பதால் வீட்டில் இருந்த கணவன் சமையலறையில் கையில் டம்ளருடன் அப்படியே நின்றான். கீழே வைத்தால் சத்தம் வரும்.

அனுப்பிவிட்டு அவள் துணி மடித்தாள். மடித்த துணிகளையே மறுபடி மடித்தாள்.

பதில் மறுநாள் வந்தது. ஒரே வரி: 'அறை சரி. தொடரவும்.' அவள் அதைச் சத்தமாக வாசித்தாள். பேருந்து நிலையத்துக் குரலில்.

மதியம் குட்டி தூங்கியதும் மெத்தையைச் சாய்த்து, அலமாரியைத் திறந்தாள். கதவைச் சாத்தப் போனபோது மாமியார் ஏற்கனவே தூளி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"மறுபடியும் அந்தக் கிணறுதானா?"

"இல்ல அத்தை. ரெண்டாவது அத்தியாயம்."

"சரி, சாத்து. மெதுவா வாசி, நேத்து அந்தக் கிணத்துல கொஞ்சம் வேகமா ஓடிட்ட."

அவள் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். மேஜைக்கு அடியில் ஒரு சத்தமும் இல்லை. ஓடுகிறதா என்று குனிந்து பார்த்தாள். ஓடியது.