நூற்றியோராவது நாரை

பெங்களூர் ஜீவனஹள்ளியில் ஏ.சி. மெக்கானிக் ஜெயராமன் செய்த செப்பு நாரை நிமிடத்துக்குப் பதினாறு முறை மூச்சு விட்டது. அது மூச்சு விட ஆரம்பித்த வாரம் தக்காளி கிலோ இருபத்தெட்டு ரூபாய், பீன்ஸ் நூற்று இருபது. தெருவில் பீன்ஸைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

ஜெயராமன் வேலைக்குப் போகும் இடங்களில் மிஞ்சும் செப்புக் குழாய்த் துண்டுகளைக் காயலான் கடைக்குப் போடுவதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கொடி, மயில், விளக்கு, பேனா ஸ்டாண்டு என்று செய்து, கல்யாணத்துக்கும் பிறந்த நாளுக்கும் பரிசு தேடுகிறவர்களுக்குக் கொடுப்பார். அதிகம் கேட்கப்பட்டது நாரை. அரை அங்குலக் குழாயைத் தட்டிச் சப்பையாக்கினால் உடம்பு. கால் அங்குலக் குழாயை ஸ்பிரிங் நுழைத்து வளைத்தால் கழுத்து. பழைய ஃபிரிட்ஜில் இருக்கும் நூல் போன்ற குழாயை வெட்டி ஒட்டினால் இரண்டு கால். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தது போல நிற்கும். வாலுக்கடியில் கடுகளவு ஓட்டை ஒன்றை மட்டும் மறக்காமல் விடுவார். எல்லாப் பக்கமும் அடைத்த குழாயில் நெருப்பைக் காட்டினால் உள்ளே இருக்கும் காற்று சும்மா இருக்காது, மூஞ்சியில் வெடிக்கும் என்பதை அவர் இடது புருவத்தைக் கொடுத்துக் கற்றிருந்தார்.

ஒரே ஒரு நாரையை மட்டும், மூடிப்போன ஒரு நர்சிங் ஹோமின் சுவரிலிருந்து கழற்றிய ஆக்ஸிஜன் குழாயில் செய்தார். முப்பத்தோரு வருடம் கட்டில்களுக்கு மூச்சைக் கொண்டுபோன குழாய் அது. பழக்கம் விடவில்லை. ஒட்டி, ஆறவைத்து, ஜன்னல் விளிம்பில் வைத்த மறுநாள் காலை, வாலோட்டையிலிருந்து காற்று வந்து வந்து போனது. பக்கத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்தவள் அவருடைய மனைவி தனக்கோடி. ஊதுவத்தி கம்பெனியில் பத்தொன்பது வருடம் மாவு தேய்த்ததில் அவள் நெஞ்சு கெட்டு, இரண்டு வருடமாக நாற்காலியில் உட்கார்ந்தேதான் தூங்கினாள். நாரை வந்த வாரத்தில் படுத்துத் தூங்கினாள். அதற்கடுத்த வாரம் குடத்தோடு மாடி ஏறினாள். நாரையும் அவளும் ஒரே தாளத்தில் மூச்சு விடுவதைக் கவனித்த ஜெயராமனும், மகள் சங்கமித்ராவும், தனக்கோடியும் கூடி யோசித்து, அது அவளைப் பார்த்துப் பழகிக்கொண்டது என்று முடிவு செய்தார்கள். கிளி பேசுவதில்லையா, அது போல. அவள்தான் அதை வைத்து மூச்சு விடுகிறாள் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நடந்தது அத்தனைக்கும் இந்த ஒரு தப்புதான் காரணம்.

பிப்ரவரியில் பொம்மசந்திரா பக்கம் புது ஃபிளாட் வாங்கிய அனந்தபத்மநாபனின் மனைவி சுப்புலக்ஷ்மி, கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்களுக்கு ரிட்டர்ன் கிஃப்டாகக் கொடுக்க நூற்றியொரு நாரை கேட்டாள். நூறு என்று முழுசாக நின்றுவிடக் கூடாது, மேலே ஒன்று இருக்க வேண்டும், மொய் எழுதுகிற கைக்கு ஒரு ரூபாய் மாதிரி என்று மூன்று முறை போனில் சொன்னாள். ஜெயராமன் ஐந்து வாரத்தில் ஏ.சி. குழாயிலேயே நூற்றியொன்றையும் செய்து முடித்தார். அட்டைப் பெட்டி வாங்க அவர் சிவாஜி நகர் போயிருந்த சாயங்காலம், சங்கமித்ரா பேக் செய்யும்போது ஒன்று கை நழுவி விழுந்து கழுத்து முறிந்தது. நூறு என்று முழுசாக நின்றுவிட்டது. அவள் ஜன்னலில் இருந்ததை எடுத்து, டிஷ்யூ சுற்றி, சுப்புலக்ஷ்மி அனுப்பியிருந்த தாம்பூலத் தேங்காயோடு பையில் போட்டு எண்ணிக்கையைச் சரி செய்தாள். அப்பா நாளைக்கே வேறொன்று செய்து வைப்பார், அதுவும் அம்மாவைப் பார்த்துப் பழகிக்கொள்ளும். காலை ஐந்து மணிக்கு டெம்போ வந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனது.

ஒன்பதரைக்குத் தனக்கோடி தோசையைத் திருப்பிப் போடாமல் கரண்டியோடு உட்கார்ந்தாள். கேஸ் லீக்கான ஏ.சி. உடனே நின்றுவிடாது, குளிர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். ஜெயராமன் அந்த முகத்தை ஆயிரம் ஏ.சி.யில் பார்த்தவர். வாட்சைப் பார்த்து அவள் மூச்சை எண்ணினார். பதினான்கு. தெருமுனை டாக்டர் விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்து, ஆக்ஸிஜன் தொண்ணூற்றெட்டு இருக்கிறது, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். திரும்பி வந்து எண்ணினார். பதின்மூன்று. அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தார்.

"இங்க இருந்தது எங்க?"

"அதான்பா, ஒண்ணு ஒடஞ்சிடுச்சுன்னு..." என்று ஆரம்பித்த சங்கமித்ரா, அம்மாவைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.

கிரகப்பிரவேச வீட்டில் யாரும் போன் எடுக்கவில்லை. ஹோமப் புகையில் யாருக்கு யார் போன் கேட்கும். ஜெயராமன் ஆட்டோ பிடித்தார். சங்கமித்ரா வீட்டிலிருந்து போனில் எண்ணிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். சில்க் போர்டில் வண்டிகளுக்கு நடுவே நாற்பது நிமிடம் நின்றபோது, "அப்பா, பன்னெண்டு" என்றாள். ஆட்டோக்காரர் நாகேஷ் கண்ணாடியில் பார்த்து, "ரேட்டா சார்?" என்று கேட்டார். மூச்சு என்றார் ஜெயராமன். நாகேஷ் ஃபுட்பாத்தில் வண்டியை ஏற்றினார்.

ஃபிளாட்டை அடைந்தபோது பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நூற்றியொன்றும் போய்விட்டிருந்தது. சுப்புலக்ஷ்மி பட்டுப்புடவையில் வியர்த்து நின்று முழுக்கதையையும் கேட்டாள். நம்பவில்லை என்று சொல்ல அவளுக்கு நேரமில்லை. "ஒரு நிமிஷம் இருங்கோ, குரூப்ல போடறேன்" என்று வாட்ஸ்அப்பில் போட்டாள்: இன்று வாங்கிய நாரை யாருக்காவது மூச்சு விட்டால் தயவுசெய்து தெரிவிக்கவும், அவசரம். உடனே பதினெட்டுப் பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவர் கிரகப்பிரவேச வாழ்த்துகள் என்றார். அனந்தபத்மநாபனின் ஒன்றுவிட்ட சகோதரி, தன்னுடையது மூச்சு விடவில்லை, டிஃபெக்டிவ் பீஸா, மாற்றித் தருவார்களா என்று கேட்டாள். அவளைப் பார்த்து இன்னும் ஆறு பேர் தங்களுடையதையும் மாற்றித் தரச் சொன்னார்கள். ஜெயராமன் மாக்கோலம் இருந்த வாசலில் செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்று, ஒவ்வொரு 'டிங்'குக்கும் சுப்புலக்ஷ்மியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, பத்து."

இரண்டு மணிக்குள் எல்லோரும் பதில் சொல்லிவிட்டார்கள். மூச்சு விடுகிற நாரை யாரிடமும் இல்லை. சுப்புலக்ஷ்மி விரலை மடக்கி மடக்கி யோசித்து, குரூப்பில் இல்லாதவர்கள் என்று இரண்டு பேரைக் கண்டுபிடித்தாள். ஒருவர் சாஸ்திரிகள். அவர் சமையலறையில் பையோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய நாரை செத்த நாரை. இன்னொருத்தி, மாலையும் தோரணமும் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போன பூக்காரி. "ஃபிலோமினான்னு பேரு. விவேக் நகர், சர்ச்சுக்கு எதிர்ச்சந்து. பாவம், அவளுக்கும் இழுப்பு உண்டு. படி ஏற முடியாம லிஃப்ட்டுக்குக் காத்துண்டு இருந்தா" என்று சொல்லிவிட்டு, சொன்னதன் அர்த்தம் தனக்கே உறைத்து, சுப்புலக்ஷ்மி வாயைப் பொத்திக்கொண்டாள்.

விவேக் நகரில் குழந்தை இயேசு கோவிலுக்கு எதிரே மெழுகுவத்திக் கடைகளுக்கு நடுவில் சந்து. ஃபிலோமினா வாசலிலேயே உட்கார்ந்து கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்தாள். மடியில் நாரை. கழுத்து லேசாக ஏறி இறங்கியது. வாய் ஓயாமல் பேசிக்கொண்டே பூக்கட்டினாள். ஆறு வருடத்தில் ஒரே மூச்சில் ஒரு முழ வாக்கியம் பேசியது அன்றைக்குத்தான் என்று பக்கத்துக் கடைக்காரி பிற்பாடு சொன்னாள்.

"இன்னாண்ணா, ரிட்டன் கிஃப்ட்டையே ரிட்டன் கேக்குறீங்க. இதுக்கு முன்னாடி எங்கனா கேட்டிருக்கியா மமதா இந்தக் கூத்த?" என்றாள், பக்கத்துக் கடைக்காரியிடம்.

ஜெயராமன் தனக்கோடியின் மூச்சைப் பற்றிச் சொல்லிவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டார். "அப்பா," என்றது சங்கமித்ராவின் குரல், "ஏழுப்பா."

ஃபிலோமினா பூ கட்டுவதை நிறுத்தினாள். நாரையைப் பார்த்தாள். பிறகு தலையை அசைத்தாள். "பாவந்தான். ஆனா இத நான் குடுத்தா எனக்கும் ஏழு தாண்ணா. எம் மூச்ச எண்ணிச் சொல்றதுக்கு வூட்டுல ஆள் கூட இல்ல." கோபமாகச் சொல்லவில்லை. விலை கட்டாது என்கிற மாதிரி சொன்னாள். பிடுங்கிக்கொண்டு ஓடலாமா என்று ஒரு கணம் நினைத்ததாகவும், நாகேஷின் ஆட்டோ எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று திரும்பிப் பார்த்ததாகவும் ஜெயராமனே ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆட்டோ சரியான பக்கம்தான் பார்த்து நின்றது. அவர் போனை எடுத்து, "அம்மாவ இங்க கூட்டிட்டு வா. என் டூல் பேகும் எடுத்துக்கோ. சின்ன கேஸ் சிலிண்டரும்" என்றார்.

நாலேகாலுக்குத் தனக்கோடியைத் தூக்கி இறக்கினார்கள். மூச்சு நான்கு. நாரையின் பக்கத்தில் உட்கார வைத்ததும் ஐந்தானது, ஆறானது, எட்டில் நின்றது. அதே சமயம் ஃபிலோமினாவுக்கு இறங்கிக்கொண்டே வந்து அவளும் எட்டில் நின்றாள். நாரையிடம் இருந்தது மொத்தமே பதினாறு. ஒருத்தி இழுக்கும்போது இன்னொருத்தி காத்திருந்தாள். இருவர் உதடும் நீலம் பாரிக்க ஆரம்பித்தது. பெங்களூரில் இருக்கும் எந்தப் பிளம்பரைக் கேட்டாலும் இதற்கு ஒரே பதில்தான் சொல்வார்: ஒரு லைனில் ஒரு வாய் இருப்பதால் வந்த தகராறு இது. டீ ஜாயின்ட் போட்டு இரண்டு வாய் வைத்தால், ஒரே மூச்சு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போகும். ஆனால் காற்று ஓடிக்கொண்டிருக்கும் குழாயில் பற்றவைக்க முடியாது. உருகின கம்பியைக் காற்று ஊதிவிடும், ஊசி ஓட்டை விழும்.

"கேளுங்க," என்றார் ஜெயராமன். "நான் வெட்டினதுல இருந்து, போதும்னு சொல்ற வரைக்கும் ரெண்டு பேரும் மூச்சு விடக் கூடாது. ஒருத்தர் விட்டாலும் ரெண்டு பேருக்கும் லீக்."

"எவ்ளோ நேரம்?" என்றாள் ஃபிலோமினா.

"ஒரு நிமிஷம். கொஞ்சம் மேல ஆகும்."

"ஜெபம் சொல்லலாமா?"

"மனசுக்குள்ள சொல்லுங்க. சத்தம் வந்தா காத்து வரும்."

தனக்கோடி, முன்பின் தெரியாத பூக்காரியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சங்கமித்ரா வீட்டுக்குள் ஓடிய ஃபேனை நிறுத்தினாள். ஜெயராமன் கட்டரை நாரையின் வாலடியில் வைத்து நான்கு சுற்றுச் சுற்றினார். வால் கழன்று கையில் வந்தது. டீ ஜாயின்ட்டைச் சொருகினார், நெருப்பைக் காட்டினார். செம்பு முதலில் கறுத்தது, அப்புறம் நிறம் மாறிச் சிவந்தது. முப்பது விநாடி. கம்பியை வைத்தார், உருகவில்லை. அவசரத்தில் நெருப்பை ஒரு பக்கமாகவே காட்டியிருந்தார். நாற்பத்தைந்து. ஃபிலோமினாவின் கண்கள் பிதுங்கின. மடியிலிருந்த கனகாம்பரப் பந்து உருண்டு விழுந்து சந்தில் அவிழ்ந்துகொண்டே ஓடியது, யாரும் எழவில்லை. அறுபது. கம்பி உருகி மோதிரம் போலச் சுற்றி ஓடியது. ஒரு முனை. இன்னொரு முனைக்கு நெருப்பைத் திருப்பினார். எழுபத்தைந்து. தனக்கோடியின் பிடி தளர்ந்தது. ஃபிலோமினா அந்தக் கையைத் திருப்பித் தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தொண்ணூறில் அது ஓடி முடிந்தது. ஈரத்துணி போட்டதும் ஆவி எழுந்தது. ஜெயராமன் அப்போதும் போதும் என்று சொல்லவில்லை. முப்பது வருடப் பழக்கம், சோப்பு நுரை தடவிப் பார்க்காமல் எந்த ஜாயின்ட்டையும் விட்டதில்லை. விரலால் நுரையை எடுத்துத் தடவிவிட்டுத்தான், "போதும்" என்றார்.

இருவரும் ஒன்றாக இழுத்தார்கள். சந்தில் காயப்போட்டிருந்த துணிகளெல்லாம் ஒரு தரம் அந்தப் பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. நுரையில் குமிழி வரவில்லை. பதினாறு, பதினாறு.

அதற்கப்புறம் நடந்தது, இரண்டாவது வாயைத் தனக்கோடியின் கட்டில் வரை இழுத்துப்போகும் குழாய் வேலைதான். தனக்கோடி அதுவரை விவேக் நகரிலேயே தங்கிப் பூக்கட்டக் கற்றுக்கொண்டாள், நன்றாக வரவில்லை. சுப்புலக்ஷ்மி மறுபடி குரூப்பில் போட்டதில் எழுபத்து மூன்று நாரைகள் திரும்பி வந்தன. அவற்றில் அறுபது பையையே பிரிக்காதவை, அடுத்த விசேஷத்துக்கு யாருக்காவது கொடுக்க எடுத்து வைத்தவை. அத்தனையையும் நிமிர்த்திக் குழாயாக்கியது தெருமுனை வரைக்கும்கூட வரவில்லை. மிச்சத்தை ஊரிலிருந்த ஏ.சி. மெக்கானிக்குகள் கையிலிருந்த துண்டும் துணுக்குமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஐந்து மாதத்தில் விவேக் நகரிலிருந்து ஜீவனஹள்ளி வரை கம்பம் கம்பமாக ஒரு செப்புக் குழாய் போய்ச் சேர்ந்தது. கம்பத்துக்கு நாற்பது இன்டர்நெட் ஒயர் தொங்கும் ஊரில் நாற்பத்தோராவதை யாரும் கேட்கவில்லை. ஒரே ஒரு லைன்மேன், எந்தக் கம்பெனி, ஸ்பீடு எவ்வளவு என்று கேட்டார். பதினாறு என்றார் ஜெயராமன். ரொம்பக் கம்மி என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு முறை செம்பு திருடுகிறவன் ஒருவன் அல்சூர் பக்கம் அறுக்க ஆரம்பித்து, கைக்குள் அது வெதுவெதுப்பாக ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, கீறின இடத்தில் டேப் சுற்றிவிட்டுப் போயிருக்கிறான். டேப் நன்றாகவே சுற்றியிருந்தான், ஜெயராமன் மாற்றவில்லை.

நாரை ஃபிலோமினாவின் வாசலில் நிற்கிறது. தனக்கோடியின் கட்டிலருகே குழாயின் மறுமுனை, விரித்த பூப்போல. வியாழக்கிழமைகளில் கோவிலுக்குக் கூட்டம் நெரியும், ஃபிலோமினா காலையிலிருந்து தொண்டை கிழியக் கூவி விற்பாள். அன்று முழுக்க ஜீவனஹள்ளியில் தனக்கோடிக்குச் சும்மா உட்கார்ந்திருந்தாலும் மூச்சு வாங்கும். அதனால் அவள் துணி துவைத்து மாடியில் காயப்போடுவதை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டாள்.