நாமா, நாங்களா

டில்லியில் பெரியவர்கள் நாடு முழுவதற்கும் சட்டம் எழுதிக்கொண்டிருந்த நாற்பத்தெட்டாம் வருஷம், ராசிபுரம் பக்கத்தில் மூன்று ஊர்கள் சேர்ந்து தங்களுக்கும் ஒரு சட்டம் எழுதிக்கொள்ள உட்கார்ந்தன. ஒரே சங்கமானால் சர்க்கார் புதுக் கிணறு வெட்டித் தரும் என்றதும், வரப்புக்காக மண்டையை உடைத்துக்கொண்டவர்களுக்கெல்லாம் திடீரென்று ஒற்றுமை பொங்கிவிட்டது.

எழுத உட்கார்ந்தவன் ஆண்டி. சேரிக்காரன்தான்; ஆனால் பட்டாளத்தில் எழுத்துவேலை பார்த்துத் திரும்பியவன். மூன்று ஊரிலும் அவனைப் போல அழகாக எழுத ஆளில்லை. அவன் மனைவி கண்ணாத்தாள் ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு மைல் நடந்துகொண்டிருந்தாள். அந்தக் கிணற்றுக்காகத்தான் பேனாவை எடுத்தான்.

ஊரார் பண்ணாடி என்று அழைக்கும் நிலக்காரர் அர்த்தநாரிதான் சங்கத் தலைவர். அவர் சொல்லச் சொல்ல, ஆண்டி நாலடி தள்ளி மண்ணில் உட்கார்ந்து எழுதினான்.

"எழுதிக்க. மூணு ஊர் சனங்களாகிய நாங்கள்..."

பேனா நின்றது.

"ஏனுங்க பண்ணாடி, நாம்னு எழுதட்டுங்களா? அப்பத்தான் எங்க தெருவும் அதுல வருமுங்க."

பண்ணாடி சிரித்தார். "காயிதம் போறது கலெக்டருக்கு. அவரு நம்மூர்க்காரரா? அவருகிட்ட நாங்கன்னுதான் சொல்லோணும். உங்க தெருவை ஆரு ஒதுக்குனா? எல்லாம் ஒண்ணுதானப்பா."

இலக்கணம் சரியாகத்தான் இருந்தது. எல்லாம் ஒன்று என்பதை அவர் வாயால் கேட்க ஆண்டிக்கு இனித்தது. அதற்கு மயங்கிப் போனதை நினைத்துப் பிறகு எத்தனையோ நாள் வெட்கப்பட்டான். 'கிணறு எங்கள் எல்லோருக்கும் பொது' என்ற நாலாம் விதியையும் முத்து முத்தாக எழுதி முடித்தான். சேரியில் இருபது பேர் நம்பிக் கைநாட்டு வைத்தார்கள்.

மாசியில் கிணற்றில் தண்ணீர் வந்தது. முதல் நாளே போன கண்ணாத்தாள் வெறுங்குடத்தோடு திரும்பினாள். ஆண்டி அவளையும் கூட்டிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினான். அங்கே பலகையில் அவன் எழுதிய தாளை ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் பண்ணாடியின் மகன் பாலசுந்தரம்.

"நாலாம் விதி எல்லாத்துக்கும் பொதுன்னு சொல்லுதுங்களே."

"எங்கள் எல்லோருக்கும்னு இருக்குது, ஆண்டி. உன்னோட பேசறப்ப எங்களுக்குன்னு சொன்னா அதுல நீ உண்டா? படிச்சவன், நீயே சொல்லு."

ஆண்டி சற்றுத் தள்ளி நின்ற பண்ணாடியைப் பார்த்தான். அவர் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாத்தாளுக்கு எழுத்துத் தெரியாது. பலகையையே பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க, நீங்க எழுதுனதுதானுங்களே. அதுல நாம இல்லீங்களா?"

ஆண்டி தாளை மேலிருந்து கீழ்வரை படித்தான். ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை.