நான்காவது அநீதி

முடிந்துபோன தேர்தல்களுக்கு வேட்பாளர்களைத் தயார் செய்யும் மரபு காப்பு அறக்கட்டளை, கீழவாலூர் சந்தைத் தெருவில் இருக்கிறது. அதன் விண்ணப்பத்தில் ஏழாவது கேள்வி, 'இதுவரை உங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிகள், வரிசை தவறாமல்' என்பது. மற்றவர்கள் அரைப் பக்கத்தில் முடித்துவிடுவார்கள். சிவக்கொழுந்து மூன்று தாள்களை நூல் கோத்து இணைத்தார்.

முதல் அநீதி, 1968. வியாழக்கிழமைச் சந்தையைச் செவ்வாய்க்கு மாற்றினார்கள். சிவக்கொழுந்து அன்றிலிருந்து செவ்வாயன்று ஒரு கத்தரிக்காய்கூட வாங்கியதில்லை.

இரண்டாம் அநீதி, 1973. பத்து நிமிடம் பின்தங்கி ஓடிய மணிக்கூண்டைச் சரிசெய்தார்கள். ஊரே பத்து நிமிடம் தாமதமாகப் பிறந்து, தாமதமாகக் கல்யாணம் செய்து, தாமதமாகச் செத்துக்கொண்டிருந்த ஒழுங்கு அன்றோடு குலைந்தது.

மூன்றாம் அநீதி, 1979. தேர் வடக்குத் தெருவில் திரும்புவதை நிறுத்தினார்கள். மின்கம்பி தடுக்கிறதாம். கம்பியை அவிழ்க்கச் சொல்லி சிவக்கொழுந்து அடித்த துண்டறிக்கை அந்த வட்டாரத்திலேயே நீளமானது. பள்ளிக்கூடம் போகாத அவர் எழுத்துக் கூட்டிப் படித்ததும் துண்டறிக்கைகளில்தான். அதனால் அவர் சாதாரணமாகப் பேசினாலும் இறுதியில் 'இவண்' என்று சொல்லுவார் போலிருக்கும்.

நான்காம் அநீதி, 1986. பேரூராட்சி நான்காவது வார்டில் சிவக்கொழுந்து இரண்டு ஓட்டில் தோற்றார். அவருக்குப் போட வந்த மூன்று ஓட்டுகளை ஏற்றிய ஏழாம் நம்பர் பஸ்ஸை ஓடைப் பாலத்தில் ஒரு ஆசாமி மறியல் செய்து நிறுத்திவிட்டான். அவன் பெயர் தெரியாததால், தாளில் அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்.

அறக்கட்டளையின் இயக்குநர் அம்புஜவல்லி, தேர்தல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார்.

"எந்தத் தேர்தலுக்குப் பயிற்சி வேணும் ஐயா?"

"எண்பத்தாறு. நாலாவது வார்டு."

"இடம் இருக்கு. ஜெயிச்சவரும் இதே வகுப்புலதான் சேர்ந்திருக்காரு."

ஜெயித்தவர் லூர்துராஜ். பின்வரிசையில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். வென்றவர் வராவிட்டால் தேர்தல் முழுமையடையாது என்று, வீட்டுக்கே போய் அழைத்து வந்திருந்தார்கள்.

"வாங்கண்ணே," என்றார் அவர். "இன்னொரு தடவை ஜெயிக்க ஒடம்புல தெம்பு இல்ல. அஞ்சு வருஷமும் சாக்கடைப் பஞ்சாயத்து. இந்தத் தடவை நீங்களே எடுத்துக்கங்க."

"நீ குடுத்து நான் வாங்கணுமாடா? நானா எடுத்துக்குவேன்."

"எடுத்துக்கங்க. நாப்பது வருஷமா அதையேதான சொல்லிட்டிருக்கீங்க."

பயிற்சி நாற்பது நாள். நடந்து முடிந்ததை மட்டுமே வாக்குறுதியாகத் தர வேண்டும் என்பது முதல் பாடம். சிவக்கொழுந்துக்கு அது மிகவும் பிடித்திருந்தது. வாழ்நாளில் முதல் முறையாக, சொன்னதைச் செய்யாதவர் என்று தன்னை யாரும் பேச முடியாது.

நாற்பத்தோராம் நாள் காலை, அம்புஜவல்லியையும் இரண்டு வேட்பாளர்களையும் ஏற்றிக்கொண்டு வேன் புறப்பட்டது. ரயில்வே கேட்டைத் தாண்டும்போது ஓட்டுநர், "எந்த வருஷம்?" என்று கேட்டார். சொன்னதும் கியரை மாற்றினார். கேட்டுக்கு அந்தப் பக்கம் 1986 வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அந்த வருடத்துச் சிவக்கொழுந்துக்கு நாற்பது வயது. அம்மை போட்டு, அக்காள் வீட்டில் வேப்பிலைமேல் கிடந்தார். தனக்காகத் தெருத் தெருவாக ஓட்டுக் கேட்டது யார் என்று அவர் பிற்பாடும் விசாரித்ததில்லை. அவருடைய பெரியப்பா என்று ஊர் நினைத்துக்கொண்டது. எழுபத்தெட்டு வயதுச் சிவக்கொழுந்து வீடு வீடாக ஏறினார். "எண்பத்தொன்பதுல கேட்டுப் பக்கம் தண்ணித் தொட்டி வரும். தொண்ணூத்து நாலுல அதுல விரிசல் விழும்," என்றார். எதையும் மறைக்காத மனிதர் என்று செத்துப்போனவர்கள் எல்லாரும் அவருக்கு மோர் கொடுத்தார்கள்.

வாக்குப்பதிவன்று காலை அம்புஜவல்லி அவரிடம் ஒரு தாளை நீட்டினார். இருநூற்றுப் பதின்மூன்று, இருநூற்றுப் பதினைந்து என்று அதில் எழுதியிருந்தது.

"இது வரணும் ஐயா. ஒண்ணு கூடாம, ஒண்ணு குறையாம."

"நான் தோக்கிறதுக்கா நாப்பது நாள் பயிற்சி?"

"நாம எதையும் மாத்த வரல. காப்பாத்த வந்திருக்கோம்." கைப்பையிலிருந்து மஞ்சளேறிய துண்டறிக்கை ஒன்றை எடுத்து வாசித்தார். "'நடந்தது நடந்தபடியே நிற்க. மாற்ற வருவோன் எவனாயினும் அவனை மறிப்போம்.' யார் எழுதினது ஐயா இது?"

சிவக்கொழுந்து அதை வாங்கிப் பார்த்தார். கீழே அச்சக முகவரிக்கு மேலே அவர் பெயர் இருந்தது. எழுத்துப் பிழைகூட அவருடையதுதான். அதை மடித்து அம்புஜவல்லியிடமே திருப்பிக் கொடுத்தார். ஆனால் மனதுக்குள், ஒரே ஒரு முறை, இந்த ஒரு தேர்தலில் மட்டும், ஜெயித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

மூன்றரை மணிக்கே ஓடைப் பாலத்துக்குப் போனார். மறியல் செய்ய வருகிறவனைக் கழுத்தைப் பிடித்து ஓடையில் தள்ளிவிட்டால் பஸ் போய்விடும். பிறகு இருநூற்றுப் பதினாறு. புளியமரத்தடியில் நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

யாரும் வரவில்லை. நான்கு மணிக்கு ஏழாம் நம்பர் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அப்போதும் யாரும் வரவில்லை.

பஸ் வளைவில் திரும்பிவிட்டது. ஜன்னலோரம் மூன்று பெண்கள், கையில் பூத் சிலிப். செங்கல் சூளையில் வேலை செய்யும் செல்லாயியும் அவள் நாத்தனார்கள் இருவரும். பஸ் பாலத்தைத் தாண்டினால் அவர் ஜெயித்துவிடுவார். அவர் ஜெயித்தால், நடந்தது நடக்காமல் போகும். சந்தை, மணிக்கூண்டு, தேர் எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், அவர் கண்ணெதிரில், மறிப்பார் யாருமின்றி, ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.

ஐம்பத்தாறு வருடப் பழக்கம். கால்கள் அவரைக் கேட்கவில்லை. நடுப்பாலத்தில் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

கண்டக்டர் இறங்கி வந்தார். "யோவ் பெரியவரே, என்ன கோரிக்கை?"

"கோரிக்கை எதுவும் இல்ல."

"அப்புறம் எதுக்குய்யா மறியல்?"

"ஏற்கெனவே நடந்தது. நிறுத்த முடியாது."

கண்டக்டருக்கு அது நியாயமாகப் பட்டது. படியில் உட்கார்ந்து டிக்கெட்டுகளை அடுக்கத் தொடங்கினார்.

செல்லாயி ஜன்னலில் தலையை நீட்டினாள். "எந்திரிய்யா! அஞ்சு மணிக்குள்ள ஓட்டுப் போடணும். சிவக்கொழுந்தண்ணன் நம்பிக்கிட்டு இருக்கும்."

"அவரு தோத்துருவாரும்மா."

"ஒன்னய மாதிரி ஆளு ரோட்டுல உக்காந்தா தோக்காம என்ன செய்யும்? அண்ணன் மட்டும் பாத்துச்சு, கழுத்தப் புடிச்சு ஓடையில தள்ளிரும்."

"தள்ளுவாரு," என்றார் சிவக்கொழுந்து. அவரை ஜெயிக்கவைக்க வந்த மூன்று பேரை, நாற்பது வருடம் கழித்து, அவர் அப்போதுதான் நேரில் பார்க்கிறார். செல்லாயியின் சேலையில் செம்மண் இருந்தது. அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

ஐந்து மணி அடித்தது. அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

எண்ணிக்கையில் ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை. மாலையைப் போட்டுக்கொண்டு லூர்துராஜ் வந்தார்.

"ஏண்ணே, ஒரு வேலையாவது உருப்படியாச் செய்யக் கூடாதா? மறுபடி அஞ்சு வருஷம் சாக்கடையா நான்?"

"செய். ஒழுங்காச் செய்," என்றார் சிவக்கொழுந்து.

வேன் கேட்டுக்கு இந்தப் பக்கம் திரும்பி வந்த அடுத்த செவ்வாய்க்கிழமை அறக்கட்டளையில் நிறைவு விழா. ஒவ்வொருவருடைய அநீதிப் பட்டியலையும் பத்துச் சாட்சிகள் முன்னிலையில் வாசித்து, சரியென்று கையெழுத்து வாங்குவது வழக்கம். ஏழு சாட்சிகள்தான் இருந்தார்கள். மீதி மூவருக்காகக் காத்திருந்தபோது வாசலில் ஏழாம் நம்பர் பஸ் வந்து நின்றது. செல்லாயியும் நாத்தனார்களும் இறங்கினார்கள். பூத் சிலிப்பை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, காலியாக இருந்த மூன்று நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

அம்புஜவல்லி முதல் மூன்று அநீதிகளையும் வாசித்தார். சாட்சிகள் தலையசைத்தார்கள். நான்காவதில் காலியிடத்தை நிரப்பப் பேனாவைத் திறந்து, சிவக்கொழுந்தைப் பார்த்தார்.

"பாதிக்கப்பட்டவர் நீங்க. விட்டுடச் சொன்னா விட்டுடலாம் ஐயா."

சிவக்கொழுந்து எழுந்து நின்றார். தோள் துண்டைச் சரிசெய்தார்.

"அதெப்படி விடுறது? மூணு பேரு ஓட்டக் கெடுத்தவன். எழுதுங்க. எழுதிட்டுப் படிங்க. பின்னால இருக்கிறவங்களுக்கும் கேக்கணும்."

அம்புஜவல்லி எழுதினார். பிறகு பத்துச் சாட்சிகளுக்கும் கேட்கும்படி நிறுத்தி வாசித்தார்:

"மறியல் செய்தவர், வை. சிவக்கொழுந்து."