ஆரின் டாக்கெட்டின் மாணவி

இசைத்தட்டுப் பதிவு நடக்கவிருந்த அன்று காலை ஆரின் டாக்கெட்டின் கடைவாய்ப்பல் காலை வாரிவிட்டது. கன்னம் பன்னாக வீங்கி, சாக்ஸபோனை வாயில் வைக்கவே முடியவில்லை. கான்சஸ் சிட்டியிலிருந்து சிக்காகோவுக்குப் பேருந்தில் இடுப்பொடிய வந்திருந்த இசைக்குழு செய்வதறியாமல் நின்றது.

டிரம்ஸ் வாசிக்கும் லூதரின் தங்கை வெர்டெல், அண்ணனோடு ஊர் பார்க்க வந்தவள், மூலையில் உட்கார்ந்து கோழி வறுவலைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். பெண்களே நடத்திய ஒரு குழுவில் அவளும் ஆரினைப் போலவே கனத்த குரல் கொண்ட டெனர் சாக்ஸபோன் வாசிப்பவள்தான்.

"ஏ புள்ள, கையத் தொடச்சிட்டு வா," என்றார் குழுத்தலைவர் க்ளைட்.

அந்தக் காலத்தில் டெனர் வாசிப்பவர்கள் நாய் துரத்தினாற்போலச் சுரங்களை அள்ளிக்கொண்டு ஓடுவார்கள். கான்சஸ் சிட்டித் தெரு ஒன்றின் பெயரில் அமைந்த 'பாசியோவில் மழை' என்ற அந்தப் பாட்டை வெர்டெல் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள். அதனால் ஓடவில்லை. மற்றவர்கள் என்ன வாசிக்கிறார்கள் என்று காதில் வாங்கி, தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கியே நடந்தாள். நடக்க நடக்கப் பாட்டு அவளுக்குப் பிடித்துப்போனது. முடிந்தபோது லூதர் குச்சிகளை மடியில் போட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எம்பேரப் போடுவீங்கல்ல?" என்று கேட்டாள் வெர்டெல்.

"தட்டுல ஒட்டுற லேபிள் ஆரின் பேர்ல ஏற்கெனவே அச்சாயிருச்சும்மா," என்றார் க்ளைட். "உம்பேரப் போட்டாலும் எவன் நம்புவான்?"

இசைத்தட்டு நாடெங்கும் ஓடியது. டெனர் சாக்ஸபோனின் போக்கையே ஆரின் டாக்கெட் மாற்றிவிட்டார் என்று நியூயார்க் பத்திரிகைகள் எழுதின. 'இது ஒரு முழு ஆண்மகனின் நெஞ்சிலிருந்து மட்டுமே வரக்கூடிய மூச்சு' என்றார் ஒரு விமர்சகர். அப்போது வெர்டெலின் குழு கலைந்துபோயிருந்தது. கான்சஸ் சிட்டியின் உட்லண்ட் அவென்யூவில் முடி அலங்காரக் கடை வைத்திருந்தாள். பத்திரிகையை லூதர் உரக்க வாசித்தபோது அவள் சிரித்த சிரிப்பில், சுருள்முடியை நேராக்கும் சூட்டுச் சீப்பு ஒரு வாடிக்கைக்காரியின் காதைப் பதம் பார்த்துவிட்டது.

சிரிக்க முடியாதவர் ஆரின்தான். எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பாட்டைத்தான் கேட்டார்கள். கெட்டிக்கார வாசிப்பாளர்தான், ஆனால் அவர் கைக்கு வேகம்தான் பழக்கம். ஒரு குளிர்காலத்தில், சாக்ஸபோன் பெட்டியோடு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வெர்டெல், அத எனக்குச் சொல்லித் தா."

"எத? நீ வாசிச்சதயா?"

"குத்தாத. டெட்ராய்ட்ல ஒருத்தன் எந்திரிச்சு, 'யோவ், நீ டாக்கெட்டே இல்ல, டாக்கெட் மாதிரி வேஷம் போட்டவன்'னு கத்துறான். அவன் சொன்னதுல என்ன தப்பு?"

வெர்டெல் அவரை உள்ளே கூப்பிட்டாள். சிக்கல் என்னவென்றால், அன்று வாசித்தது அவளுக்கும் ஞாபகமில்லை. இரண்டு பேரும் இசைத்தட்டைத் தேயத் தேயப் போட்டு, சுரம் சுரமாகப் பொறுக்கினார்கள்.

"உதட்ட இறுக்காத. அன்னிக்கிப் பல்லு வலிச்சப்ப வாய எப்பிடித் தொங்கப் போட்டிருந்த? அப்பிடி வை."

"அது சாகுற வலிடி."

"சாகுற மாதிரியே வாசி. எங்க ஓடுற இப்ப?"

பனி கரைவதற்குள் ஆரினுக்குப் பாட்டு வந்துவிட்டது. வந்த பிறகுதான் மனசாட்சி அவரைப் படுத்த ஆரம்பித்தது. பல வருடங்கள் தள்ளிப்போட்டுவிட்டு, கடைசியில் ஒரு வானொலிப் பேட்டியில் போட்டு உடைத்தார்: "அது நான் இல்லைங்க. லூதரோட தங்கச்சி வெர்டெல் வாசிச்சது. அவதான் எனக்கும் சொல்லிக் குடுத்தா."

பேட்டி எடுத்தவர் தழுதழுத்த குரலில், "நேயர்களே, எவ்வளவு பெரிய மனுசன், எவ்வளவு அடக்கம் பாத்தீங்களா," என்றார். கௌரவப் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்திலும் ஆரின் அதையே சொன்னார். மாணவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"உண்மையச் சொல்லச் சொல்ல எம்பேருதான் பெருசாகுது, வெர்டெல்," என்று தொலைபேசியில் புலம்பினார்.

"அப்ப ஒரு பொய்யச் சொல்லிப் பாரு," என்று போனை வைத்தாள். அன்று முழுக்க அவள் யாரோடும் பேசவில்லை என்பது கடைக்கு வந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆரின் இறந்தபோது அவர் மனைவி நடீன் நேராக வெர்டெலிடம் வந்தாள். "நீதான் வாசிக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு. வேற ஆளு வேண்டாம்னாரு."

தேவாலயத்தில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வெர்டெல் வாசித்தாள். இசைத்தட்டில் இருந்ததை அல்ல. அன்றைக்கு என்ன தோன்றியதோ அதை. மறுநாள் பத்திரிகை இப்படி எழுதியது: 'குருவின் மாணவியான ஒரு மூதாட்டி உருக்கமாக வாசித்தார். அந்த மூச்சை எட்ட முடியாவிட்டாலும், பெண்மைக்கே உரிய நளினம் இருந்தது.'

அதிலிருந்து அவள் டாக்கெட்டின் மாணவி ஆகிவிட்டாள். நகராட்சி ஆரினுக்குச் சிலை வைத்தபோது முன்வரிசையில் நாற்காலி போட்டு அழைத்தார்கள். ஆரினைப் பற்றித் தடிமனான புத்தகம் எழுதிய பேராசிரியர் ஒருவர் ஒலிபெருக்கியை அவளிடம் நீட்டினார். "குரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்ததுல முக்கியமானது எதும்மா?"

வெர்டெல் கூட்டத்தைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லிவிடலாம். துக்கத்தில் கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள். நடீனைப் பார்த்தாள். 'உன் இஷ்டம்' என்பதுபோல நடீன் தோளைக் குலுக்கினாள். ஆரின் மேல் கோபம் வருமா என்று பார்த்தாள். வரவில்லை. பனியில் நனைந்த கோட்டோடு வாசலில் நின்ற முகம்தான் வந்தது. அவள் வாசிப்பைக் கேட்டவர்கள் எத்தனையோ பேர். சொல்லிக் கொடு என்று கேட்டு வந்தவர் அவர் ஒருவர்தான்.

"பேரும் புகழும் வந்தப்புறம் எங்கிட்ட வந்து, 'எனக்கு வரல, சொல்லித் தா'ன்னு கேட்டாரு," என்றாள். "எந்த ஆம்பளையும் அப்பிடிக் கேட்டு நான் பாக்கல. அதத்தான் அவருகிட்டருந்து கத்துக்கிட்டேன்."

கூட்டம் ஆரவாரித்தது. மாணவியிடமே பாடம் கேட்ட மாமனிதர் என்று பேராசிரியர் கண்ணைத் துடைத்தபடி எதையோ குறித்துக்கொண்டார்.

நாற்காலிக்குத் திரும்பியவளின் கையை நடீன் பிடித்துக்கொண்டாள். "இதையும் அவரு கணக்குலயே எழுதிட்டானுங்க."

"விடு," என்றாள் வெர்டெல். "அந்தப் புகழத் தாங்க மாட்டாமயே செத்தாரு பாவம். எனக்குப் பசிக்குது, வா, எங்கயாச்சும் போய் விலாக்கறி சாப்பிடலாம்."