முக்கால் அங்குலம்

கோட்டுத் தைக்கும் அந்தக் கடையில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. வந்தவர் உடம்பை வாயால் சொல்லக்கூடாது. தொப்பையோ கூனோ இறங்கின தோளோ, அளவெடுப்பவள் அதைச் சீட்டில் குறியாகப் போட வேண்டும். தொப்பைக்கு ஒரு வட்டம். தோள் இறக்கத்துக்குக் கீழ்நோக்கி ஓர் அம்பு. கூனுக்கு 'கூ', பக்கத்தில் எத்தனை அங்குலம் என்று எண். வாடிக்கையாளர் கண்ணாடி முன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார். அவருடைய உண்மையான முதுகு சீட்டில் இருக்கும். கடையில் வேலை பார்க்கிறவர்களைத் தவிர அதைப் படிக்க ஆளில்லை.

அளவெடுத்துத் துணி வெட்டுகிறவளுக்குக் கடைக்குள் கட்டிங் என்றுதான் பெயர். பதினோரு வருடமாக வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு வெட்டுகிறாள். டேப்பைத் தொடுவதற்கு முன்பே கண்ணால் அளவு சொல்லிவிடுவாள், கால் அங்குலம் பிசகாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. வேலை ஓய்ந்த நேரத்தில், பேட்டர்ன் வெட்டி மிஞ்சிய காக்கித்தாளில் பென்சிலால் ஆட்களை வரைவாள். யாரிடமும் காட்டியதில்லை.

ஒரு நாள் மாட்டிக்கொண்டாள். முதலாளியை வரைந்திருந்த தாளைக் கவனிக்காமல் திருப்பிப் போட்டு, அதிலேயே ஒரு கோட்டுக்கைக்குப் பேட்டர்ன் வெட்டித் துணியோடு குத்தி அனுப்பிவிட்டாள். அது இஸ்திரி போடும் அண்ணன் கையில் போய்ச் சேர்ந்தது.

"ஒரு காதும் மூக்கும் பாதி மீசையும்தான் மிச்சம்" என்றார் அவர். "அதுக்கே ஆளு தப்பிக்க முடியல."

முதலாளி வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார். "என்னம்மா, என் மூக்கு இவ்வளவு பெரிசா?"

"தாள் சின்னதுங்க. அதனால அப்படித் தெரியுது."

அன்றோடு அவள் நிம்மதி போயிற்று. எல்லாருக்கும் தன்னை வரைய வேண்டும். வரைந்து கொடுத்தால் ஒருவருக்கும் பிடிக்காது. அண்ணன் பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருவதுபோல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முடிந்ததும் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "எங்கப்பாவை நீ எங்கே பார்த்தே?" என்று கேட்டபடி எழுந்து போனார். படத்தை மேஜையிலேயே விட்டுவிட்டார். முன்பின் தெரியாதவனை வரைவதில் ஒரு வம்பும் இல்லை, அவன் பஸ் ஏறிப் போய்விடுவான். தெரிந்தவரை வரைந்தால் மறுநாள் காலையில் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

காஜா மட்டும் கேட்கவில்லை. கோட்டுக்குப் பொத்தான் துளை தைப்பது அவள் வேலை, அதனால் அந்தப் பெயர். ஆறு வருடமாகக் கட்டிங்குக்கு அடுத்த இருக்கை. மதியம் இருவர் டப்பாவும் ஒன்றாகத்தான் திறக்கும். யார் டப்பாவில் யார் கை என்று தெரியாது. மூன்றாம் நாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஊரையே வரையறே. நான் என்ன பாவம் பண்ணினேன்?"

"வாயை மூடிட்டு உட்காருவியா?"

"வாயை மூடினா அது நான் இல்லையேடீ."

அவள் பேசிக்கொண்டே தைத்தாள், கட்டிங் வரைந்தாள். பக்கவாட்டு முகம், பல்லில் நூல், துணிமேல் கவிழ்ந்த கழுத்து. இதுவரை வரைந்ததிலேயே இதுதான் உருப்படி என்று அவளுக்கே பட்டது.

காஜா வாங்கிப் பார்த்தாள். நூலைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அவள் கண் தாளின் ஓரத்துக்குப் போனது. சிரிப்பு நின்றது. நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மறுநாள் மதியம் தன் டப்பாவோடு இஸ்திரி மேஜைப் பக்கம் போய்விட்டாள்.

தாடை இரட்டையாக வந்துவிட்டதால்தான் கோபம் என்று கட்டிங் நினைத்தாள். பாதி டப்பாவை அப்படியே மூடி வைத்தாள். உட்கார்ந்து இன்னொன்று வரைந்தாள். ஒற்றைத் தாடை, நிமிர்ந்த கழுத்து, பத்து வயது குறைவு.

"யாரிது?" என்றாள் காஜா. "உன் சித்தி பொண்ணா?"

இரண்டு நாள் பொறுத்தாள் கட்டிங். மூன்றாம் நாள் குண்டூசிகளைத் துப்பிவிட்டு நேரே போய் நின்றாள். "என்னதான்டீ உனக்கு? திட்டணும்னா திட்டித் தொலை."

காஜா பையிலிருந்து முதல் படத்தை எடுத்து விரித்தாள். ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். அங்கே சின்னதாக, சுத்தமான கையெழுத்தில், 'கூ 1'.

கட்டிங்குக்கு அதை எழுதிய நினைவே இல்லை. பதினோரு வருடப் பழக்கத்தில் கை தானாக எழுதியிருக்கிறது.

"தாடையைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. தினம் கண்ணாடியில பார்க்கிறேன். முதுகை எந்தக் கண்ணாடியில பார்க்கிறது? நீ பார்த்திருக்கே. ஆறு வருஷமாப் பார்த்துட்டு, ஒரு வார்த்தை சொல்லாம குறிச்சு வெச்சிருக்கே."

"சொல்லக்கூடாதுங்கறதுதானே கடைச் சட்டம்?"

"நான் என்ன கஸ்டமரா?"

கட்டிங் கழுத்தில் தொங்கின டேப்பைத் திருகினாள்.

"டேப்பை எடு" என்றாள் காஜா. "அள. அளந்து சத்தமாச் சொல்லு. ஒரு அங்குலமா இல்லையான்னு எல்லாரும் கேக்கட்டும்."

அண்ணன் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். முதலாளி அறைக்கதவிலிருந்து தலையை நீட்டினார். நடுக்கூடத்தில் காஜா முதுகைக் காட்டி நின்றாள். கட்டிங் பின்னளவு எடுத்தாள், முன்னளவு எடுத்தாள், கழித்தாள்.

டேப் முக்கால் காட்டியது. அதே சமயம், காஜாவின் கழுத்தில் நரம்பு புடைத்திருப்பதையும், மூச்சு உள்ளேயே நிற்பதையும், தோள்பட்டைகள் பின்னுக்கு முறுக்கியிருப்பதையும் கட்டிங் பார்த்தாள். கண்ணாடி முன் நிற்கிற எல்லா வாடிக்கையாளரும் இப்படித்தான் நிற்பார்கள். சாதாரணமாக நில்லுங்கள் என்று அவர்களிடம் சொல்லுவாள். இப்போதும் சொல்லலாம். சொன்னால் டேப் ஒன்று காட்டும், தன் கண் ஜெயிக்கும்.

"முக்கால்" என்றாள், சத்தமாக.

காஜா மூச்சை விட்டாள். "கேட்டுக்கிட்டீங்களா? மேடத்தோட கண்ணு கால் அங்குலம் பிசகிடுச்சு."

"பதினோரு வருஷத்துல முதல் தடவை" என்றார் முதலாளி. "அப்ப என் மூக்கையும் ஒரு தடவை அளந்து பார்த்துடுங்க."

அண்ணன் சிரித்த சிரிப்பில் இஸ்திரிப்பெட்டி ஆடியது.

"அளந்தது அளந்துட்டே" என்றாள் காஜா. "அந்த அளவுக்கே எனக்கு ஒரு கோட்டு வெட்டு. மிஞ்சின சாம்பல் துணி இருக்கில்ல? ரெடிமேடு எதுவும் எனக்கு முதுகுல நிக்க மாட்டேங்குது."

கட்டிங் சீட்டில் 'கூ ¾' என்று எழுதினாள். துணியில் சாக் கட்டியால் முதுகுக்கு ஒரு அங்குலமே விட்டுக் கோடு போட்டு வெட்டினாள்.

பத்து நாளில் கோட்டு தயாரானது. துளைகளைக் காஜாவே தைத்துக்கொண்டாள். அதற்குள் அந்தப் படம் அவள் இருக்கைக்கு மேலே ஒட்டப்பட்டிருந்தது. ஓரத்தில் ஒன்று அடிக்கப்பட்டு முக்கால் ஆகியிருந்தது. மதிய டப்பா பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

காஜா கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கழுத்தை ஒடித்துத் திரும்பிப் பார்த்தாள். ஒரு சுருக்கம் இல்லை. ஓர் இழுப்பு இல்லை.

"பார்த்தியாடீ" என்றாள். "முக்காலேதான்."

கட்டிங்கின் வாயில் ஆறு குண்டூசிகள் இருந்தன. அவற்றை எடுக்க அவள் அவசரப்படவில்லை.